கறுப்பு டக்ளஸ்: ஜேம்ஸ் டக்ளஸின் வாழ்க்கையையும் குடும்பத்தையும் படிப்படியாகப் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

இங்கிலாந்துக்கு எதிராக ஸ்காட்லாந்து நடத்திய விடுதலைப் போர்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கினால் வில்லியம் வாலஸ், ராபர்ட் புரூஸ் என்ற இரண்டு பெயர்களும் சீக்கிரமே பழகிவிடும். மூன்றாவதாக வருவது ஜேம்ஸ் டக்ளஸ். சொந்த நாட்டார் அவரை ‘நல்ல சர் ஜேம்ஸ்’ என்றார்கள். எல்லைக்குத் தெற்கே இருந்த ஆங்கிலேயர்கள் ‘கறுப்பு டக்ளஸ்’ என்றார்கள். ஒரே மனிதருக்கு இரண்டு பெயர், இரண்டுக்கும் நியாயமான காரணம் உண்டு.

அவரைப் பற்றித் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் போர்களின் பட்டியல்தான். அதை மட்டும் படித்தால் அவர் ஏன் அப்படிப் போரிட்டார் என்பது பிடிபடாது. என் அனுபவத்தில் குடும்பத்திலிருந்து தொடங்கினால் எல்லாம் தானாக விளங்கும். அவர் இழந்தது ஒரு தந்தையையும் ஒரு பள்ளத்தாக்கையும். அதற்குப் பிறகு வந்த 30 ஆண்டுகளும் அந்த இழப்பிலிருந்து புறப்பட்டவை. அந்த வரிசையில்தான் இந்த வழிகாட்டியை அமைத்திருக்கிறேன்.

முதல் படி: எந்த டக்ளஸ் என்று உறுதிசெய்யுங்கள்

இந்தக் குடும்பத்தில் வில்லியம், ஜேம்ஸ், ஆர்ச்சிபால்ட் என்ற மூன்று பெயர்கள்தான் பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாகச் சுற்றிச்சுற்றி வரும். போதாததற்குப் பின்னாளில் வந்த டக்ளஸ் ஏர்ல்களின் (ஏர்ல் என்பது உயர்ந்த பிரபுப் பட்டம்) கிளை முழுவதையும் ‘கறுப்பு டக்ளஸ்கள்’ என்றே அழைப்பார்கள். நாம் பேசுவது முதல் ஆளைப் பற்றி: 1286 வாக்கில் பிறந்து, 1330 ஆகஸ்ட் 25 அன்று ஸ்பெயினில் இறந்தவர். ஏர்ல் பட்டம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஆகவே ‘ஏர்ல் ஜேம்ஸ்’ என்று எங்காவது பார்த்தால் அது இவர் இல்லை. குறிப்பெடுக்கும்போது பெயருக்குப் பக்கத்தில் இறந்த ஆண்டையும் எழுதிவிடுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

‘டக்ளஸ்’ என்பது ஊர்ப்பெயர். ஸ்காட்லாந்தின் தென்பகுதியில், லனார்க்ஷயரில் ஓடும் ஒரு சிற்றாற்றின் பெயரும் அதுவே. கேலிக் மொழியில் அதற்குக் கரிய நீரோடை என்று பொருள். அந்த ஆற்றங்கரைப் பள்ளத்தாக்குதான் டக்ளஸ்டேல்.

ஆண்டுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. அதனால் நம் கணக்கில் 1314 பிப்ரவரியில் நடந்தது பழைய ஆவணத்தில் 1313 என்று இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான தேதிகளில் ஓராண்டு வித்தியாசம் தெரிந்தால் பதற வேண்டாம்.

இரண்டாம் படி: குடும்பத்தை நம் உறவுமுறையில் வரையுங்கள்

ஆங்கில நூல்களில் அங்கிள், கஸின் என்று இரண்டே சொற்களில் முடித்துவிடுவார்கள். யார் எந்தப் பக்கத்து உறவு என்று தெரியாமல் திணறிப் போவோம். நமக்கு அந்தக் கஷ்டம் தேவையில்லை. ஒரு தாளை எடுத்து நம் சொற்களிலேயே எழுதுங்கள்.

நடுவில் ஜேம்ஸ். அவருடைய அப்பா, டக்ளஸ் பிரபு சர் வில்லியம். துணிச்சல்காரர் என்ற பொருளில் ‘லெ ஹார்டி’ என்பது இவருடைய பட்டப்பெயர். அம்மா எலிசபெத் ஸ்டூவர்ட். ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய அரசுப் பதவிகளில் ஒன்று பரம்பரையாக இருந்த ஸ்டூவர்ட் குடும்பத்துப் பெண். அவர் சீக்கிரமே இறந்துவிட்டார். அவருடைய அண்ணன் தம்பிகள் வழியில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்பவர் நம் ஜேம்ஸுக்குத் தாய்மாமன். அந்த மாமனின் மகன் வால்டர் ஸ்டூவர்ட், பின்னாளில் ராபர்ட் புரூஸின் மகள் மார்ஜரியை மணந்துகொண்டார். அவர்களுடைய மகன்தான் 1371-ல் அரியணை ஏறிய இரண்டாம் ராபர்ட், ஸ்டூவர்ட் வம்சத்தின் முதல் அரசர். ஆக, ஸ்காட்லாந்தை அதன்பின் ஆண்ட வம்சம் நம்மவருக்கு மாமன் வீடு.

இனி மறுபக்கம். அப்பா இரண்டாவதாக மணந்தது எலினோர் என்ற ஆங்கிலேய விதவையை. அவர்களுக்கு ஹியூ, ஆர்ச்சிபால்ட் என்று இரண்டு மகன்கள். இவர்கள் ஜேம்ஸுக்கு ஒரே அப்பாவுக்குப் பிறந்த தம்பிகள், அதாவது ஜேம்ஸின் பிள்ளைகளுக்குச் சித்தப்பாக்கள். இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்பதாம் படியில் இதுதான் கை கொடுக்கும்.

மூன்றாம் படி: அப்பாவின் கதையைத் தாண்டிப் போகாதீர்கள்

வில்லியம் லெ ஹார்டி சாதுவான மனிதர் இல்லை. 1289 வாக்கில், எடின்பரோவுக்குக் கிழக்கே டிரானென்ட் என்ற ஊரில் ஒரு சீமாட்டியின் வீட்டில் தங்கியிருந்த எலினோரை ஆட்களோடு போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். இறந்துபோன முதல் கணவர் வழியில் தனக்குச் சேர வேண்டிய நிலப் பங்கைப் பார்க்க வந்திருந்தவர் அந்தப் பெண். இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் அனுமதி இல்லாமல் அவர் மறுமணம் செய்துகொள்ளக் கூடாது. எட்வர்டின் கோபம் கடைசியில் 100 பவுண்டு அபராதத்தில் முடிந்தது. வில்லியமுக்கும் எட்வர்டுக்கும் இடையே பகை அன்றே தொடங்கிவிட்டது.

1296 மார்ச் 30 அன்று எட்வர்டின் படை எல்லை நகரமான பெரிக்கைச் சூறையாடி, நகர மக்களைக் கொன்று குவித்தது. அப்போது பெரிக் கோட்டையின் தலைவர் வில்லியம் டக்ளஸ். கோட்டை சரணடைந்தது, அவர் சிறைப்பட்டார். வெளியே வந்ததும் சும்மா இருக்கவில்லை. 1297-ல் வாலஸ் கிளர்ந்தெழுந்தபோது அவரோடு முதலில் கைகோத்த பிரபு இவர்தான். அதே ஆண்டு கோடையில் இர்வின் என்ற இடத்தில் மற்ற பிரபுக்கள் எட்வர்டிடம் பணிந்தபோது இவரும் பிடிபட்டார். பெரிக் கோட்டையில் விலங்கிட்டு வைத்திருந்தபோதும் மனிதர் கொஞ்சமும் அடங்கவில்லை, வாய்க்கு வந்தபடி ஏசுகிறார் என்று கோட்டை அதிகாரி எட்வர்டுக்குக் கடிதம் எழுதினார். பிறகு லண்டன் டவருக்குக் கொண்டுபோனார்கள். 1298 வாக்கில் அங்கேயே உயிர் பிரிந்தது.

டக்ளஸ்டேல், வடக்கு இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் கிளிஃபோர்டு என்ற பிரபுவின் கைக்குப் போனது. இந்தப் பெயரைக் கோடிட்டு வையுங்கள்.

நான்காம் படி: பாரிஸ், பிஷப், ஸ்டர்லிங் முகாம்

அப்பா சிறையில் இருந்த காலத்தில் பையனைப் பாதுகாப்புக்காகப் பாரிசுக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வரும்போது வீடும் இல்லை, நிலமும் இல்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் பிஷப் வில்லியம் லாம்பர்டன் அவரைத் தன் இல்லத்தில் சேர்த்துக்கொண்டார். பிஷப் சாப்பிட உட்காரும்போது கத்திகளை ஏந்தி நின்று இறைச்சி அரிந்து வைப்பதுதான் வேலை. பிரபு வீட்டுப் பிள்ளைகள் செய்கிற மரியாதையான பணிதான் அது. ஆனாலும், சொந்தக் கோட்டையின் கூடத்தில் தலைமை இருக்கையில் உட்கார வேண்டிய பையன் அடுத்தவர் பந்தியில் நிற்கிறான்.

1304-ல் எட்வர்டு ஸ்டர்லிங் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். பிஷப் அந்தப் பையனை அங்கே அழைத்துப்போய், இவனுக்கு உரிய நிலத்தைத் திருப்பித் தாருங்கள், உங்களுக்கு விசுவாசமாக இருப்பான் என்று கேட்டார். யார் மகன் என்று தெரிந்ததும் எட்வர்டின் முகம் மாறிவிட்டது. இவன் அப்பன் என் பகைவன், என் சிறையில் செத்தவன், அந்த நிலம் வேறொருவருக்குப் போய்விட்டது, இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எட்வர்டு அன்று ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துப் பார்க்கிறேன். வடக்கு இங்கிலாந்தின் எத்தனையோ ஊர்கள் எரியாமல் இருந்திருக்கலாம்.

ஐந்தாம் படி: சாட்சிகளை எடை போடுங்கள்

மேலே சொன்ன ஸ்டர்லிங் காட்சி எங்கிருந்து வருகிறது? ஜான் பார்பர் என்ற அபர்டீன் நகரத்துப் பாதிரியார் 1375 வாக்கில் ஸ்காட்ஸ் மொழியில் எழுதிய ‘தி புரூஸ்’ என்ற நீண்ட கவிதையிலிருந்து. ஜேம்ஸ் டக்ளஸைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் நெருக்கமான விவரங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே கிடைக்கின்றன. டக்ளஸ் இறந்து 45 ஆண்டுகள் கழித்து, புரூஸின் பேரன் அரசராக இருந்த காலத்தில், டக்ளஸ் குடும்பமும் செல்வாக்கின் உச்சியில் இருந்தபோது எழுதப்பட்டது அது. நாயகர்களைத் தூக்கிப் பிடிக்க எல்லாக் காரணங்களும் பார்பருக்கு இருந்தன. அதே சமயம் அந்தப் போர்களைக் கண்ணால் கண்ட கிழவர்கள் அவர் காலத்தில் உயிரோடு இருந்தார்கள்.

அதனால் நான் கடைப்பிடிக்கிற முறை இது. தேதி, இடம், யார் வென்றார் என்பவற்றை ஆங்கிலேயர் பக்கத்து ஏடுகளோடு ஒத்துப்பார்ப்பேன். லானர்காஸ்ட் மடத்து வரலாற்றேடும், எல்லைப் போர்களில் ஈடுபட்ட குடும்பத்தைச் சேர்ந்த சர் தாமஸ் கிரே எழுதியதும் அதற்கு உதவும். 1327 படையெடுப்புக்கு ழான் லெ பெல் இருக்கிறார். அவர் ஆங்கிலேயப் படையோடு நேரில் போனவர். உரையாடல்களையும் சிறு சிறு காட்சிகளையும் பார்பர் சொன்னதாகவே எடுத்துக்கொள்வேன், நடந்ததற்குச் சான்றாக அல்ல.

தோற்றத்தையும் பார்பர்தான் விவரிக்கிறார். வெளிறிய முகம், கறுத்த முடி, அகன்ற தோள்கள், பெரிய எலும்புகள். பேசும்போது நாக்கு லேசாகக் குழறும், அதுவும் அவருக்கு அழகாகவே இருந்தது என்கிறார். வெறும் புகழ்ச்சிக்காக இட்டுக்கட்டுகிறவருக்கு இந்த விவரம் தோன்றாது என்பது என் நம்பிக்கை.

ஆறாம் படி: 1306 முதல் 1314 வரை மெதுவாகப் படியுங்கள்

இந்த எட்டு ஆண்டுகளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். 

1306 பிப்ரவரி 10 அன்று டம்ஃப்ரீஸ் நகரத்து மடாலயக் கோயிலில் ராபர்ட் புரூஸ், அரியணைக்குத் தன் போட்டியாளரான ஜான் காமினைக் குத்திக் கொன்றார். அடுத்து முடிசூட வேண்டும் அல்லது அழிய வேண்டும் என்ற நிலை. இளைஞர் டக்ளஸ் பிஷப்பிடம் போய் நானும் புரூஸோடு போகிறேன் என்றார். பிஷப்புக்கு உள்ளூர மகிழ்ச்சி, வெளியே காட்ட முடியாது. என் குதிரை ஃபெராண்டை எடுத்துக்கொள், குதிரைக்காரன் தடுத்தால் எனக்குத் தெரியாமல் பறித்துக்கொண்டு போனதாக இருக்கட்டும் என்று சொல்லி, கைச்செலவுக்குப் பணமும் கொடுத்தார். குதிரைக்காரன் தடுக்கத்தான் செய்தான். அவனை அடித்து வீழ்த்திவிட்டுச் சேணம் பூட்டிய டக்ளஸ், மொஃபட் அருகே எரிக்ஸ்டேன் என்ற இடத்தில் புரூஸின் முன் மண்டியிட்டார். மார்ச் 25 அன்று ஸ்கோனில் முடிசூட்டு விழா.

அதற்குப் பின் வந்தது தோல்வி மேல் தோல்வி. ஜூன் 19 அன்று மெத்வெனில் புரூஸின் படை சிதறியது. மேற்கு மலைகளில் டால்ரீ என்ற இடத்தில் மறுபடி அடி, டக்ளஸுக்குக் காயம். தப்பியோடியவர்கள் லோமண்ட் ஏரிக்கரையில் வந்து முட்டி நின்றார்கள். கரையோரம் தேடிய டக்ளஸ், தண்ணீரில் மூழ்கிக் கிடந்த ஒரு சிறு படகைக் கண்டுபிடித்தார். துடுப்புப் போடுபவரோடு சேர்த்து மூன்று பேர்தான் ஏற முடியும். ஓர் இரவும் ஒரு பகலும் போய்ப்போய் வந்து எல்லாரையும் அக்கரை சேர்த்தார்கள். காத்திருந்தவர்கள் சோர்ந்துவிடாமல் இருக்க, புரூஸ் ஒரு பழைய வீரக் கதையை அவர்களுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்து டக்ளஸ் கோட்டைச் சம்பவம். 1307-ம் ஆண்டு குருத்தோலை ஞாயிறு என்று பொதுவாகக் குறிப்பிடுவார்கள். டக்ளஸ் தன் ஊருக்கு ரகசியமாக வந்து, அப்பாவிடம் வேலை செய்த தாமஸ் டிக்சன் என்பவரின் வீட்டில் ஒளிந்துகொண்டார். பழைய குடிகள் ஒவ்வொருவராக இரவில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஞாயிறன்று கிளிஃபோர்டின் காவற்படை கோட்டையை விட்டுப் புனித பிரைடு கோயிலுக்கு வந்தது. கூட்டத்தில் ஒருவன் அவசரப்பட்டு, தாக்குதலுக்கான ‘டக்ளஸ்!’ என்ற முழக்கத்தை முன்கூட்டியே கத்திவிட, கோயிலுக்குள்ளேயே வெட்டும் குத்தும் தொடங்கியது. அதில் டிக்சன் இறந்தார்.

கோட்டையில் இருந்தது வாயில்காவலனும் சமையற்காரனும் மட்டும். காவற்படைக்காகச் சமைத்து வைத்திருந்த விருந்தை டக்ளஸின் ஆட்கள் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிறகு கோதுமை, மாவு, மால்ட் எல்லாவற்றையும் நிலவறையில் குவித்து, மதுப் பீப்பாய்களை உடைத்து ஊற்றி, பிடிபட்டவர்களின் தலைகளை அந்தக் குவியலின் மேலேயே வெட்டினார்கள். கிணற்றில் உப்பும் செத்த குதிரைகளும். கடைசியில் கோட்டைக்குத் தீ. சொந்த வீட்டைத் தானே எரித்துவிட்டு அவர் காட்டுக்குப் போனார். அந்த வட்டாரத்து மக்கள் இதை ‘டக்ளஸின் உணவுக் கிடங்கு’ என்று அழைத்தார்கள்.

இந்தப் பகுதியைப் படிக்கும்போது கொடுமையை மழுப்பாதீர்கள். பிடிபட்டவர்களைக் கொன்றதற்கு எந்த நியாயமும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பெரிக்கில் நடந்ததையும் லண்டன் டவரையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், அந்த நிலவறையில் எவ்வளவு நாள் கோபம் கொட்டப்பட்டது என்பது தெரியும்.

ஆங்கிலேயர் கோட்டையைத் திரும்பக் கட்டினார்கள், டக்ளஸ் திரும்பத் திரும்ப வந்தார். ஒருமுறை சாக்குகளில் புல்லை அடைத்துக் குதிரைகளில் ஏற்றி, சந்தைக்குத் தானியம் கொண்டுபோகும் குடியானவர்களைப் போலத் தன் ஆட்களை நடக்க வைத்தார். அதைப் பறிக்க வெளியே வந்த கோட்டைத் தலைவர் கொல்லப்பட்டார். அவருடைய பெட்டியில் ஒரு கடிதம் இருந்தது. ஆபத்தான டக்ளஸ் கோட்டையை ஓராண்டு காத்துக் காட்டினால் உன் காதலை ஏற்கிறேன் என்று ஒரு பெண் எழுதியிருந்தார்.

1314 பிப்ரவரியில், தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய் இரவு, ராக்ஸ்பரோ கோட்டை. உள்ளே ஆட்டமும் பாட்டமும். கவசத்தின் மேல் கறுப்புப் போர்வை போர்த்திக்கொண்டு, டக்ளஸின் ஆட்கள் கைகளாலும் முழங்கால்களாலும் புல்வெளியில் ஊர்ந்தார்கள். மதிலில் நின்ற காவலர் இருவர் பார்த்துவிட்டுப் பேசிக்கொண்டது பார்பரில் வருகிறது: பக்கத்துக் குடியானவன் பண்டிகைக் கொண்டாட்டத்தில் மாடுகளை உள்ளே கட்ட மறந்துவிட்டான் போல, இன்றிரவு டக்ளஸ் அவற்றை ஓட்டிக்கொண்டு போய்விடுவான். லெட்ஹவுஸ் ஊரைச் சேர்ந்த சிம் என்பவர் சணல் கயிற்றில் மரப்படிகள் கோத்து, இரும்புக் கொக்கி வைத்து ஏணி செய்திருந்தார். முதலில் ஏறியவரும் அவரே. உள்கோபுரம் தவிரக் கோட்டை முழுவதும் அன்றிரவே கைமாறியது.

ஜூன் 23, 24-ல் பானக்பர்ன் போர். போரின் நகர்வுகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், இங்கே நமக்கு வேண்டியது மூன்று விஷயங்கள். முதல் நாள், புரூஸின் சகோதரி வழி உறவினரான தாமஸ் ராண்டால்ஃபின் காலாட்படையைக் கிளிஃபோர்டின் குதிரைப்படை சூழ்ந்துகொண்டது. உதவிக்குப் போக டக்ளஸ் வற்புறுத்தி அனுமதி வாங்கினார். கிட்டே போனபோது எதிரி தளர்வதைக் கண்டு தன் ஆட்களை நிறுத்திவிட்டார். ராண்டால்ஃபின் வெற்றியில் நாம் பங்கு கேட்கக் கூடாது என்பது அவர் கருத்து. புகழுக்காக இருவருக்கும் எப்போதும் போட்டி இருந்தது, அப்படியிருந்தும் இப்படி நடந்துகொண்டார். இரண்டாவது, பத்து ஆண்டுகளுக்கு மேலாக டக்ளஸ்டேலை அனுபவித்த கிளிஃபோர்டு அடுத்த நாள் போரில் மடிந்தார். மூன்றாவது, தோற்றோடிய இரண்டாம் எட்வர்டை டக்ளஸ் சுமார் 60 குதிரை வீரர்களோடு டன்பார் வரை விரட்டினார். சிறுநீர் கழிக்கக்கூட இறங்க விடாமல் துரத்தினார் என்கிறார் பார்பர். அரசர் படகேறித் தப்பினார்.

ஏழாம் படி: எல்லைக் காவலராக இருந்த ஆண்டுகளை வேகமாகக் கடக்கலாம்

1314-க்குப் பிறகு டக்ளஸின் வேலை எல்லையைக் காப்பது. வடக்கு இங்கிலாந்துக்குள் புகுந்து மாடு பிடிப்பது, கப்பம் வாங்குவது, எதிர்த்தால் எரிப்பது. 1319-ல் மைட்டன், 1322-ல் பைலண்ட் என்று போர்களின் பெயர்கள் வரிசையாக வரும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 1317-ல் ஜெட்பரோ பக்கம் லின்டாலியில் நடந்ததைப் பார்த்தால் அவருடைய பாணி பிடிபட்டுவிடும். காட்டையே வெட்டித் தள்ளக் கோடாலிகளோடு வந்தது ஓர் ஆங்கிலேயப் படை. வழி குறுகும் இடத்தில் இருபுறமும் இருந்த இளம் பிர்ச் மரங்களை வளைத்து ஒன்றோடொன்று பின்னிவிட்டு, டக்ளஸ் ஒளிந்திருந்தார். படை உள்ளே வந்ததும் தாக்கினார். அதன் தலைவர் தாமஸ் ரிச்மண்டைத் தன் கையாலேயே கொன்று, தலைக்கவசத்தின் மேல் அவர் அணிந்திருந்த மென்மயிர்த் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

1324-ல் ஒரு சாசனம். பைலண்டில் பிடிபட்ட பிரெஞ்சு வீரர்களின் மீட்புப் பணம் டக்ளஸுக்குச் சேர வேண்டியது. பிரான்சின் நட்பை நாடிய புரூஸ் அவர்களை விடுவித்துவிட்டு, ஈடாக டக்ளஸின் நிலங்களுக்குப் பெரிய உரிமைகளை எழுதிக் கொடுத்தார். தன் விரலிலிருந்த மரகத மோதிரத்தைக் கழற்றி அவர் விரலில் போட்டு அதை உறுதிசெய்தார். மரகத சாசனம் என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

1327-ல் வேர்டேல் படையெடுப்பு. 14 வயது மூன்றாம் எட்வர்டு பெரும் படையோடு ஸ்காட்லாந்துக்காரர்களைத் தேடி அலைந்தார். ழான் லெ பெல் வியந்து எழுதுகிறார்: இவர்களுக்கு வண்டி வாகனம் இல்லை, சேணத்துக்குப் பின்னால் ஒரு பை ஓட்ஸ் மாவு, அதை ஒரு தட்டில் அப்பம் போலச் சுட்டுத் தின்றுவிட்டு எவ்வளவு தூரமும் போகிறார்கள். ஒருநாள் இரவு டக்ளஸ் சில நூறு பேரோடு ஆங்கிலேய முகாமுக்குள் புகுந்து அரசரின் கூடாரக் கயிறுகளை அறுத்தார். பையன் அரசர் மயிரிழையில் தப்பினார். அடுத்த ஆண்டு, 1328-ல், ஸ்காட்லாந்தைச் சுதந்திர நாடாக இங்கிலாந்து ஏற்றுக்கொண்டது.

பார்பர் கணக்குப்படி டக்ளஸ் வென்றது 57 முறை, தோற்றது 13 முறை. இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு ஆவணம். வடக்கு இங்கிலாந்தில் ஃபாடன் என்ற ஊரில் வில்லியம் லெ ஹார்டிக்கு இருந்த நிலம் பறிமுதலாகி 30 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. 1329-ல் மூன்றாம் எட்வர்டு அதை ஜேம்ஸுக்குத் திருப்பிக் கொடுத்தார். தாத்தா எட்வர்டு மறுத்ததைப் பேரன் எட்வர்டு தந்தார்.

எட்டாம் படி: இதயத்தோடு போன பயணம்

1329 ஜூன் 7 அன்று கார்ட்ராஸில் புரூஸ் இறந்தார். சிலுவைப் போருக்குப் போவதாக நேர்ந்துகொண்டு போக முடியாமல் போன குறை அவருக்கு இருந்தது. தன் இதயத்தையாவது கொண்டு போகும்படி கேட்டுக்கொண்டார், அந்தப் பொறுப்பு டக்ளஸிடம் வந்தது. உடல் டன்ஃபர்ம்லினில் அடக்கமானது. இதயத்தைப் பதப்படுத்தி வெள்ளிப் பேழையில் வைத்து, டக்ளஸ் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்.

1330-ல் கடல் வழியே ஃபிளாண்டர்ஸின் ஸ்லூயிஸ் துறைமுகம், அங்கிருந்து செவில். முகமெல்லாம் தழும்பான ஒரு வெளிநாட்டு வீரர் அவரைப் பார்த்து, இவ்வளவு போரிட்ட உங்கள் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லையே என்று வியந்தாராம். தலையைக் காக்க எனக்கு எப்போதும் கைகள் இருந்தன, கடவுளுக்கு நன்றி என்று டக்ளஸ் பதில் சொன்னதாக பார்பர் எழுதுகிறார்.

ஸ்பெயினில் இருந்த காஸ்டில் நாட்டின் அரசர் பதினோராம் அல்ஃபோன்சோவுக்கு அப்போது 19 வயது. கிரானடாவின் முஸ்லிம் அரசுக்குச் சொந்தமான டேபா கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். ஆகஸ்ட் 25 அன்று நடந்த சண்டையில், பின்வாங்கிய குதிரைப்படையை டக்ளஸ் வெகுதூரம் துரத்தினார். அவர்கள் திரும்பித் தாக்கியபோது தோழர் சர் வில்லியம் சின்கிளேர் சூழப்பட்டதைக் கண்டு, மீட்கப் பாய்ந்து, அவரோடு சேர்ந்து இறந்தார்.

இதயப் பேழையைப் பகைவர் நடுவே வீசி ‘முன்னே போ, நான் பின்தொடர்கிறேன்’ என்று கத்தினார் என்ற கதையை எங்கும் படிப்பீர்கள். அது பின்னாளில் சேர்ந்த கதை, உங்கள் குறிப்பில் தனியாக எழுதி வையுங்கள். கை முறிந்திருந்ததால் அன்று போரிடாத சர் வில்லியம் கீத், இதயத்தையும் டக்ளஸின் எலும்புகளையும் நாட்டுக்குக் கொண்டுவந்தார். வெகுதூரம் கொண்டுபோக வேண்டிய உடலை வேகவைத்து எலும்பைப் பிரித்தெடுப்பது அந்தக் காலத்து வழக்கம்.

ஒன்பதாம் படி: வாரிசுகள், இங்கேதான் தாள் வேண்டும்

இரண்டாம் படியில் வரைந்த தாளை எடுங்கள். ஜேம்ஸுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் வில்லியம், பிரபுப் பட்டத்துக்கு வந்தவர். இன்னொருவர் திருமண உறவுக்கு வெளியே பிறந்த ஆர்ச்சிபால்ட், அப்பா இறக்கும்போது சின்னஞ்சிறு குழந்தை.

1333 ஜூலை 19 அன்று ஹாலிடன் ஹில் போரில் ஸ்காட்லாந்துப் படை நசுங்கியது. அன்று படையை நடத்தியவர் ஜேம்ஸின் தம்பி ஆர்ச்சிபால்ட். அப்போது நாட்டின் ஆட்சிப் பொறுப்பும் அவரிடம்தான். அவரும் இறந்தார், அண்ணன் மகன் வில்லியமும் இறந்தார். சித்தப்பாவும் பிள்ளையும் ஒரே களத்தில். பட்டம் இன்னொரு சித்தப்பாவான ஹியூவுக்குப் போனது. அவர் திருச்சபைக்காரர். 1342-ல் உரிமையை விட்டுக்கொடுத்தார்.

அப்போது எழுதிய வாரிசு வரிசைதான் இந்தக் குடும்பத்தின் திருப்புமுனை. முதலில், ஹாலிடனில் இறந்த ஆர்ச்சிபால்டின் மகன் வில்லியமும் அவர் ஆண் வாரிசுகளும். அடுத்து லிடிஸ்டேலைச் சேர்ந்த உறவினர் ஒரு வில்லியம். இவர்கள் இல்லாவிட்டால், ஜேம்ஸின் மணத்துக்கு வெளியே பிறந்த மகன் ஆர்ச்சிபால்ட். மூன்றாம் இடத்தில் இருந்த ஒரு பெயர், பலிக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

முதல் வில்லியம் 1358-ல் முதலாம் டக்ளஸ் ஏர்ல் ஆனார். ஜேம்ஸ் அவருக்குப் பெரியப்பா. லிடிஸ்டேல் வில்லியமை 1353-ல் எட்ரிக் காட்டில் இந்த முதலாம் ஏர்லே கொன்றிருந்தார், சொத்துப் பகை. ஏர்லின் மகன் ஜேம்ஸ், இரண்டாம் ஏர்ல், 1388 ஆகஸ்டில் ஆட்டர்பர்ன் போரில் முறையான வாரிசு இல்லாமல் இறந்தார். 46 ஆண்டு கழித்து அந்த மூன்றாம் பெயர் உயிர்பெற்றது.

ஆர்ச்சிபால்ட் அதற்குள் தன் உழைப்பால் காலவே பகுதியின் பிரபுவாகியிருந்தார். கடுமையான முகத்துக்காகவே ‘கிரிம்’ என்று பெயர் வாங்கியவர். 1388-ல் மூன்றாம் டக்ளஸ் ஏர்ல் ஆகி, 1400 கிறிஸ்துமஸ் வேளையில், 70 வயதுக்கும் குறையாமல் இறந்தார். கறுப்பு டக்ளஸ் ஏர்ல்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் அதன்பின் எல்லாரும் இவர் வழி வந்தவர்கள். 1455-ல் அரசர் இரண்டாம் ஜேம்ஸ் அந்தக் கிளையை ஒடுக்கி நிலங்களைப் பறிமுதல் செய்தார். ஆங்கஸ் ஏர்ல்களான ‘சிவப்பு டக்ளஸ்கள்’ வேறு கிளை. அவர்கள் முதலாம் ஏர்லின் வழி, நம் ஜேம்ஸின் நேரடி வாரிசுகள் அல்லர்.

குடும்பத்தின் பழைய சின்னம் வெள்ளைப் பரப்பு, மேலே நீலப் பட்டை, அதில் மூன்று நட்சத்திரங்கள். டேபாவுக்குப் பிறகு வெள்ளைப் பரப்பில் ஒரு சிவப்பு இதயம் சேர்ந்தது. ஏதாவது கல்லிலோ முத்திரையிலோ இதயம் இருந்தால் அது 1330-க்குப் பிந்தியது.

பத்தாம் படி: போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள்

டக்ளஸ் ஊரில் புனித பிரைடு கோயிலின் பழைய பகுதி நிற்கிறது. குருத்தோலை ஞாயிறு சம்பவம் நடந்ததாகச் சொல்லும் கோயிலும், ஜேம்ஸின் எலும்புகள் வந்து சேர்ந்த கோயிலும் ஒன்றேதான். கால் மேல் கால் போட்டுப் படுத்த நிலையில் அவருடைய கற்சிலை இருக்கிறது, காலத்தால் முகம் தேய்ந்துவிட்டது. மெல்ரோஸ் மடத்தில் 1996-ல் தோண்டியபோது எடுத்த, புரூஸின் இதயம் உள்ளதாகக் கருதப்படும் ஈயப் பேழையை 1998-ல் மறுபடி அங்கேயே புதைத்தார்கள். ஸ்பெயினில் டேபா ஊரின் சதுக்கத்தில் ஸ்காட்லாந்துக் கருங்கல்லில் டக்ளஸுக்கு ஒரு நினைவுக்கல் உண்டு.

நேரம் இருந்தால் மகன் கட்டிய கோட்டையையும் பாருங்கள். டீ ஆற்றின் நடுவே ஒரு தீவில் நிற்கிறது திரீவ். கிரிம் ஆர்ச்சிபால்ட் உயிர்விட்டதும் அங்கேதான். வயல்களுக்கு நடுவே நடந்து ஆற்றங்கரைக்குப் போனால் ஒரு மணி தொங்கும். அதை அடித்தால் அக்கரையிலிருந்து சிறு படகு வரும். ஒரு நடைக்குச் சிலர்தான் ஏறலாம், மற்றவர்கள் கரையில் காத்திருக்க வேண்டும்.